டிராப்பர் சீட் போஸ்ட்: அளந்து வாங்கி, நீங்களே மாட்டுங்கள் (ஏற்காடு ஏறி இறங்குகிறவர்களுக்கு)

டிராப்பர் சீட் போஸ்ட் (ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்கி ஏற்ற உதவுகிற சீட் கம்பம்) வாங்கிக் காசை விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், கம்பெனி சரியில்லை என்று சொல்கிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். குழாய்க்குள் நுழையவில்லை, நுழைந்தாலும் பாதியில் முட்டி நிற்கிறது, முழுசாக உள்ளே போயும் கால் பெடலுக்கு எட்டவில்லை, கேபிள் போக பிரேமில் ஓட்டையே இல்லை, இப்படித்தான் இருக்கும் புகார். இதெல்லாம் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு டேப்பையும் விட்டம் அளக்கிற ஒரு வெர்னியரையும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடுகிற விஷயங்கள். அதனால் இங்கே அளவு எடுப்பதைப் பற்றி நிறையவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தால் மாட்டுகிற வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையோடு முடிந்துவிடும்.

இன்னும் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய், உள்ளே காற்றழுத்தத்தில் வேலை செய்கிற ஒரு கார்ட்ரிட்ஜ், ஹேண்டில்பாரில் ஒரு லீவர். லீவரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் சீட் கீழே இறங்கும், கையை எடுத்தால் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், எழுந்து நின்று மறுபடி அழுத்தினால் தானாக மேலே வந்துவிடும். வண்டியை நிறுத்த வேண்டியதே இல்லை. 1980களில் அமெரிக்காவில் ஜோ பிரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் ஹைட்-ரைட் என்று ஒரு ஸ்பிரிங் செய்து விற்றார்கள், சீட் போஸ்ட்டைப் பிரேமில் இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பைத் தளர்த்தினால் சீட்டைத் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அங்கிருந்து வந்து வந்து, 2022இல் ஸ்லோவேனிய வீரர் மடே மொஹோரிச் இத்தாலியின் மிலன்–சான் ரெமோ ரோடு ரேஸையே டிராப்பர் போட்ட வண்டியில் போஜ்ஜியோ இறக்கத்தில் பறந்து ஜெயித்தார். தார் ரோட்டிலேயே உதவியது என்றால் கல்லும் மண்ணுமான எஸ்டேட் பாதையில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. அடிவாரத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு அதே தார் ரோட்டில் இறங்கி வருகிறவர் என்றால் உங்களுக்கு அது ஆடம்பரம்தான். குப்பனூர் பக்கம் ஏறி இறங்கினாலும் அதே கதை, ரோடு ரோடுதான். காபித் தோட்டத்து ஜீப் பாதைகளில், மழையில் அரித்துப்போய் கல் பெயர்ந்து கிடக்கிற செம்மண் சரிவுகளில் இறங்குகிறவர் என்றால்தான் சீட் வயிற்றில் இடிக்கிற தொல்லை புரியும். செங்குத்தான இடத்தில் உடம்பைப் பின்னாலும் கீழாகவும் கொண்டுபோக வேண்டும், வண்டி காலுக்கு நடுவில் இப்படியும் அப்படியும் சாய இடம் வேண்டும், உயரமான சீட் இரண்டையும் தடுக்கும். நம் மலைப் பாதைகள் இறக்கம் என்றால் ஒரேயடியாக இறக்கமாகவும் இருப்பதில்லை, இறங்கி, நூறு மீட்டர் ஏறி, திரும்ப இறங்கும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி க்விக் ரிலீஸை (கிளாம்பைக் கையாலேயே தளர்த்துகிற பிடி) திறந்து மூடிக்கொண்டிருந்தால் கூட வந்தவர்கள் நாகலூரைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் பேட் தேய்ந்து, டயரில் பட்டன் மழுங்கிப் போயிருந்தால் காசு முதலில் அங்கேதான் போக வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் டவுன் 280 மீட்டர் சுமார். இவ்வளவு உயரத்தையும் பிரேக் பிடித்தே இறங்குகிறோம், ரிம் பிரேக் வண்டியில் டிராப்பர் மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதல் அளவு: குழாயின் விட்டம்

இப்போது இருக்கிற சீட் போஸ்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அடிப்பக்கத்திலோ பின்பக்கத்திலோ விட்டத்தைப் பொறித்திருப்பார்கள். டிராப்பர்கள் பொதுவாக வருவது 27.2, 30.9, 31.6, 34.9 மி.மீ. ஆகிய நான்கு அளவுகளில். பொறிப்பு அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து போஸ்ட்டின் மேல் இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஸ்கேல் வைத்துக் கண்ணால் பார்த்து 31 என்று முடிவு கட்டாதீர்கள், 30.9க்கும் 31.6க்கும் நடுவில் இருப்பது முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் ஒன்று இன்னொன்றின் இடத்தில் ஒருநாளும் உட்காராது. வெர்னியர் இல்லையென்றால் லேத் பட்டறை எதிலாவது போய்க் கேட்டால் ஒரு நிமிஷத்தில் அளந்து கொடுப்பார்கள், சேலத்தில் லேத் பட்டறைக்கா பஞ்சம்.

பிரேம் குழாய் பெரிசாக இருந்து டிராப்பர் சிறிசாக இருந்தால் நடுவில் ஷிம் என்கிற அலுமினிய உறை போட்டுச் சமாளிக்கலாம், 27.2 போஸ்ட்டை 30.9 குழாயில் அப்படிப் போடுகிறவர்கள் உண்டு. நேர்மாறாக எதுவும் செய்ய முடியாது. குழாயைக் குடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். விலை குறைந்த வண்டிகள் சிலவற்றில் 25.4 மாதிரி அளவு இருக்கும், அதற்கு டிராப்பர் தேடி அலைவதை விட அந்தக் காசைச் சேர்த்துவைத்து அடுத்த வண்டியில் போடுவது நல்லது. 27.2க்கு டிராப்பர் கிடைக்கும், ஆனால் வகைகள் குறைவு, இறங்குகிற தூரமும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது அளவு: வெளியே எவ்வளவு தெரிகிறது

இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சீட்டை உங்கள் வழக்கமான ஏற்ற உயரத்தில் வையுங்கள், அதாவது பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்கிற உயரம். இப்போது பிரேம் கிளாம்பின் மேல் விளிம்பில் இருந்து சீட்டின் அடிக்கம்பி, அதாவது ரெயில், அதன் நடு வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். இந்த எண்ணுக்குள் டிராப்பரின் வெளிப்பகுதி முழுசாக அடங்கியாக வேண்டும்.

டிராப்பரின் வெளிப்பகுதி என்பது இறங்குகிற தூரம் மட்டும் இல்லை. காலர் என்று ஒரு தடித்த வளையம் இருக்கும், அது பிரேமுக்குள் போகாது. மேலே சீட்டைப் பிடிக்கிற தலை இருக்கும். சீட் முழுசாக இறங்கிய நிலையிலும் இவை இரண்டும் சேர்ந்து 40, 50 மி.மீ. உயரத்துக்கு வெளியே நிற்கும், மாடலுக்கு மாடல் இது மாறும், நல்ல கம்பெனிகள் வரைபடத்தில் ஸ்டாக் ஹைட் என்று போட்டிருப்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் வண்டியில் கிளாம்ப் முதல் ரெயில் வரை 210 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 மி.மீ. இறங்கும் டிராப்பர், அதன் ஸ்டாக் 50 என்றால் மொத்தம் 200. சரி, 10 மி.மீ. மிச்சம் இருக்கிறது, போஸ்ட்டைக் கொஞ்சம் வெளியே விட்டு கிளாம்பைப் பூட்டிக்கொள்ளலாம். அதே கம்பெனியின் 170 மி.மீ. மாடல் என்றால் 220 ஆகிவிடும். அதைக் காலர் வரைக்கும் உள்ளே தள்ளினாலும் உங்கள் சீட் 10 மி.மீ. உயரமாகவே நிற்கும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே 20 வளைவு ஏற வேண்டியதுதான். ஒன்அப், பிஎன்டபிள்யூ மாதிரி சில கம்பெனிகளின் போஸ்ட்டில் இறங்கும் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வசதி இருக்கிறது, இப்படி இழுபறியாக நிற்கிற அளவுக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

மூன்றாவது அளவு: உள்ளே எவ்வளவு ஆழம்

சாதாரண சீட் போஸ்ட் உள்ளே கொஞ்சம் போனால் போதும். டிராப்பரோ வெளியே தெரிகிற அளவுக்கு உள்ளேயும் நீளமாக இருக்கும். ஆனால் எல்லா பிரேமிலும் சீட் ட்யூப் (சீட் போஸ்ட் நுழைகிற பிரேம் குழாய்) அடி வரைக்கும் நேராக ஓட்டையாக இருப்பதில்லை. பாட்டில் கூண்டு போல்ட்டின் திருகுப்பகுதி உள்ளே துருத்திக்கொண்டிருக்கும், சில பிரேமில் குழாய் பாதியில் வளையும், பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிகளில் பிவட் (பின்பகுதி மடங்கி ஆடுகிற அச்சு) குறுக்கே வரும். பழைய போஸ்ட்டைக் கழற்றிவிட்டு, அதே விட்டம் உள்ள நீளமான குழாய் ஏதாவது இருந்தால் அதை விட்டு முட்டுகிற இடத்தில் குறி போடுங்கள். இல்லையென்றால் ஒரு கம்பை விட்டுப் பாருங்கள், ஆனால் மெல்லிய கம்பு வளைவைத் தாண்டிப் போய் ஏமாற்றும், கொஞ்சம் தடியாக இருக்கட்டும்.

மேலே சொன்ன 150 மி.மீ. டிராப்பரின் மொத்த நீளம், அடியில் கேபிள் இழுத்துப் பூட்டைத் திறக்கிற ஆக்சுவேட்டரையும் சேர்த்து, 440 என்று வையுங்கள். வெளியே 210 போனால் உள்ளே 230. அதற்கும் கீழே கேபிள் மடங்கித் திரும்ப ஒரு 25 மி.மீ. வேண்டும், ஆக 255. உங்கள் பிரேமில் 240தான் போகிறது என்றால் இந்த போஸ்ட் உங்களுக்கு இல்லை, 125 மி.மீ. மாடலுக்கு இறங்கி வாருங்கள். 125 மி.மீ. ஒன்றும் அவமானம் இல்லை. ஆன்லைனில் 200, 210 என்று பேசுகிறவர்கள் ஆறடிக்காரர்கள், சீட் ட்யூப் குட்டையாக இருக்கிற புது வடிவமைப்பு வண்டிக்காரர்கள். பழைய ஹார்ட்டெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத) பிரேமில் சீட் ட்யூப் உயரமாக இருக்கும், அதில் 100, 125 பொருந்தினாலே இறக்கத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

குறைந்தபட்ச செருகல் கோடு என்று போஸ்ட்டில் போட்டிருப்பார்கள், அது எப்போதும் பிரேமுக்குள் மறைந்திருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

கேபிள் எந்த வழி, லீவர் எந்த இடம்

டவுன் ட்யூபிலோ (ஹேண்டில்பார் பக்கத்தில் இருந்து பெடல் அச்சுக்கு இறங்குகிற குழாய்) சீட் ட்யூபின் அடியிலோ ரப்பர் மூடி போட்ட ஒரு ஓட்டை சும்மா இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்வழிக் கேபிள் மாடல் வாங்கலாம். இல்லையென்றால் வெளிவழி மாடல். அதில் இரண்டு வகை, கேபிள் தலைப்பகுதியில் சேர்வது ஒன்று, காலரில் சேர்வது இன்னொன்று. தலையில் சேர்கிற வகையில் சீட் இறங்கும்போது கேபிள் தொங்கிப்போய்ப் பின் டயரிலோ முழங்காலிலோ உரசும். காலரில் சேர்கிறதையே பாருங்கள். பிரேமில் ட்ரில் போட்டு ஓட்டை எடுக்கலாமா என்றால் வேண்டாம், விரிசல் எங்கே தொடங்கும் என்று சொல்ல முடியாது, வாரண்டியும் அந்த நிமிஷமே போச்சு.

வயர்லெஸ்ஸும் இருக்கிறது, ராக்ஷாக்ஸ் ரெவெர்ப் ஏஎக்ஸ்எஸ் 2019இல் வந்தது. ஓட்டை இல்லாத பிரேமுக்கு அதைவிடச் சுத்தமான வழி இல்லை, மாட்டுவதும் பத்து நிமிஷ வேலை. விலையைப் பார்த்துவிட்டு மறுபடி இந்தப் பத்திக்கு வாருங்கள். ஹைட்ராலிக் லைனில் வேலை செய்கிற பழைய மாடல்கள் செகண்ட் ஹேண்டில் வரும், பிளீடிங் கிட் (லைனுக்குள் இருக்கிற காற்றை வெளியேற்றுகிற சாமான்) கையில் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம். நான் சொல்வது கேபிள்தான். காபித் தோட்டத்து நடுவில் அறுந்தால்கூட டவுனுக்கு வந்து ஒரு கியர் கேபிளை வாங்கி மாட்டிவிடலாம்.

லீவரைப் பொறுத்தவரை, முன்னால், பெடல் பக்கத்தில், ஒரே பல்சக்கரம் உள்ள வண்டி என்றால் இடது பக்கம் காலியாக இருக்கும், கியர் ஷிஃப்டர் மாதிரியே பாருக்கு அடியில் வருகிற லீவரைப் போடுங்கள், கட்டைவிரல் தானாக அங்கே போகும். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள வண்டி என்றால் இடதுபக்க ஷிஃப்டர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது பாருக்கு மேலே நிற்கிற சின்ன லீவர் வாங்க வேண்டும், வசதி கொஞ்சம் குறைவுதான். சிலர் உடனே முன் டிரெய்லியரையும் (செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற பாகம்) ஷிஃப்டரையும் கழற்றிவிட்டு ஒற்றைப் பல்சக்கரத்துக்கு மாறச் சொல்வார்கள். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 46, 50 பல் என்று இருந்தால் மாறுங்கள். 34தான் இருக்கிறது என்றால் அந்தச் சின்ன முன் பல்சக்கரத்தை விட்டுவிடாதீர்கள், டிராப்பருக்காக ஏற்றத்தை இழப்பது என்ன கணக்கு, ஏறினால்தானே இறங்க முடியும்.

வாங்கும்போது கடைக்காரரிடமோ விற்பவரிடமோ ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: கார்ட்ரிட்ஜ் போனால் அதை மட்டும் தனியாக வாங்கி மாற்ற முடியுமா? வெளிநாட்டில் இருந்து வரவழைக்கிற பொருள் என்றால் சுங்கவரி, கூரியர் எல்லாம் சேர்ந்து விலை ஏறும், வாரண்டிக்குத் திருப்பி அனுப்புவது அதைவிடப் பெரிய வேலை. பேர் பெற்ற போஸ்ட், உதிரிபாகம் கிடைக்காது. சாதாரண போஸ்ட், கார்ட்ரிட்ஜ் இங்கேயே கிடைக்கும் என்று இரண்டு இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மிச்சமாகிற காசில் நல்ல லீவர் ஒன்று வாங்குங்கள், மட்டமான போஸ்ட்கூட நல்ல லீவரில் மரியாதையாக நடந்துகொள்ளும்.

மாட்டும் வேலை

தேவையானவை: 4, 5 மி.மீ. ஆலன் கீ, டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது, கேபிள் கட்டர், குத்தூசி, இன்சுலேஷன் டேப், துணி, கொஞ்சம் கிரீஸ் அல்லது கார்பன் பேஸ்ட். கேபிளும் (உள்கம்பி, அதாவது இன்னர்) அதன் மேலுறையான அவுட்டரும் போஸ்ட்டோடு வராவிட்டால் கடையில் கியர் கேபிள், கியர் அவுட்டர் என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். சும்மா சைக்கிள் கேபிள் என்றால் பிரேக் கேபிளைத் தருவார்கள். அது தடிமன், தலையும் பொருந்தாது, பிரேக் அவுட்டர் உள்ளே சுருள் கம்பி என்பதால் அழுத்தும்போது சுருங்கும், லீவர் மெத்துமெத்தென்று இருக்கும். கட்டிங் பிளேயரால் அவுட்டரை வெட்டினால் வாய் நசுங்கிவிடும், கேபிள் கட்டரையே பயன்படுத்துங்கள், வெட்டியதும் குத்தூசியால் உள் ஓட்டையைத் திறந்துவிடுங்கள்.

முதல் வேலை, பழைய சீட் உயரத்தைக் குறித்துக்கொள்வது. பெடல் சுற்றுகிற அச்சின் நடுவில் இருந்து சீட்டின் மேல்பக்கம் வரை ஒரு அளவு, சீட் மூக்கில் இருந்து ஹேண்டில்பார் வரை இன்னொரு அளவு. ஒரு பேப்பரில் எழுதி ஒட்டிவையுங்கள். அப்புறம் பழைய போஸ்ட்டைக் கழற்றி, துணியைக் கம்பில் சுற்றி சீட் ட்யூபின் உட்புறத்தைத் துடைத்துவிடுங்கள். நம் ஊர் செம்மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து உள்ளே ஒரு பிசின் மாதிரி படிந்திருக்கும்.

புது போஸ்ட்டைப் பிரேமில் போடுவதற்கு முன்பே கையில் வைத்துச் சோதித்துவிடுங்கள். அடியில் உள்ள ஆக்சுவேட்டரை விரலால் அழுத்திக்கொண்டு போஸ்ட்டைத் தரையில் ஊன்றி அமுக்கினால் இறங்க வேண்டும், விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் ஏற வேண்டும். இங்கேயே தகராறு என்றால் பிரேமைத் தொடாமல் திருப்பி அனுப்பலாம். எல்லாம் மாட்டின பிறகு தெரிந்தால் பழி கேபிள் மேல் போகும், ஒரு நாள் போய்விடும்.

அடுத்து அவுட்டரை முன் ஓட்டை வழியாக உள்ளே தள்ளுங்கள். நல்ல காலம் இருந்தால் சீட் ட்யூப் மேலே தலையை நீட்டும். பெரும்பாலும் அடியில், பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுற்றுகிற இடம்) பக்கத்தில் திரும்புகிற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அவுட்டரைச் சுழற்றிச் சுழற்றித் தள்ளிப் பாருங்கள். அதற்கும் வரவில்லையென்றால் பழைய இன்னர் கேபிள் ஒன்றை மேலிருந்து கீழே விட்டு ஓட்டை வழியாக வெளியே எடுங்கள், அதன் மேல் அவுட்டரைக் கோர்த்துத் தள்ளினால் பாதை தெரிந்த மாதிரி வந்துவிடும். வீட்டில் வாக்குவம் கிளீனர் இருந்தால் தையல் நூலை ஒரு ஓட்டையில் விட்டு இன்னொரு ஓட்டையில் உறிஞ்சி எடுக்கலாம், நூலோடு கேபிளைக் கட்டி இழுக்கலாம். சில பிரேமில் பாட்டம் பிராக்கெட்டையே கழற்றினால்தான் வழி கிடைக்கும். அதற்கான டூல் இல்லாதவர்கள் அந்த ஒரு வேலைக்கு மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அவுட்டர் மேலே வந்ததும் அதை ஆக்சுவேட்டரில் உட்கார வைத்து, இன்னர் இல்லாமலே, டேப் சுற்றி நிறுத்திக்கொண்டு போஸ்ட்டை ஒரு தடவை உள்ளே இறக்கிப் பாருங்கள். இறக்கும்போது ஒரு கை மேலே போஸ்ட்டைத் தள்ள, இன்னொரு கை முன்னால் அவுட்டரை அதே வேகத்தில் இழுக்க வேண்டும். இழுக்காமல் தள்ளினால் அவுட்டர் உள்ளே மடங்கி நொடிந்துபோகும், டிராப்பர் மக்கர் செய்வதற்கு இந்த மடிப்புதான் முக்கியமான காரணம். எழுதி வைத்த உயரத்துக்கு வந்ததும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள், அவுட்டர் எந்தப் பக்கமும் இழுபடக்கூடாது, ஆனால் முன்னால் வளையமாகவும் தொங்கக்கூடாது. லீவர் வரும் இடத்தில் குறி போட்டு, போஸ்ட்டை வெளியே எடுத்து, அவுட்டரை வெட்டுங்கள். ஒரு விரல்கடை கூடுதலாகவே வெட்டுங்கள், நீளத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

இப்போது இன்னர். இதில் போஸ்ட்டுகள் இரண்டு கட்சி. சிலவற்றில் கேபிளின் குண்டுத் தலை போஸ்ட் பக்கம் மாட்டும், வால் லீவரில் திருகி இறுக்கப்படும். சிலவற்றில் நேர் எதிர், தலை லீவரில், வால் போஸ்ட்டின் அடியில். முதல் கட்சி நமக்குச் சுலபம்: தலையை ஆக்சுவேட்டரில் கோர்த்து, வாலை அவுட்டர் வழியாக முன்னால் வரவைத்து, போஸ்ட்டை இறக்கி, லீவரில் இறுக்கிவிட்டு மிச்சத்தை வெட்டிவிடலாம். இரண்டாவது கட்சி என்றால் போஸ்ட்டை இறக்குவதற்கு முன்பே அடியில் ஒரு சின்ன உருளையைக் கேபிளில் இறுக்க வேண்டும், அவுட்டரின் நுனியில் இருந்து அது எத்தனை மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். அந்த அளவைக் குத்துமதிப்பாக வைத்தால் லீவர் ஒன்று இறுகி நிற்கும், இல்லை ஆடும். வாங்கின லீவர் போஸ்ட்டின் கட்சியைச் சேர்ந்ததா என்பதையும் ஆர்டர் போடும்போதே பார்த்துவிடுங்கள்.

குழாய்க்குள் என்ன தடவுவது? அலுமினிய பிரேம், அலுமினிய போஸ்ட் என்றால் மெல்லிசாக கிரீஸ், இல்லையென்றால் கார்பன் பேஸ்ட். கார்பன் பிரேம் என்றால் பேஸ்ட் மட்டும்தான். நான் அலுமினியத்துக்கும் பேஸ்ட்டையே தடவுவேன், மணல் மாதிரி நெறுநெறுவென்று இருக்கிற அது குறைந்த இறுக்கத்திலேயே போஸ்ட்டைப் பிடித்துக்கொள்ளும். காரணம், டிராப்பரை கிளாம்பில் ஓங்கி இறுக்கக்கூடாது. வெளிக்குழாய் லேசாக நசுங்கினால்கூட உள்குழாய் சிக்கிக்கொள்ளும், சீட் மெதுவாக ஏறும் அல்லது ஏறவே ஏறாது. 5 நியூட்டன் மீட்டர் அளவில் நிறுத்துங்கள், கிளாம்பிலும் கையேட்டிலும் அச்சடித்திருப்பது அதைவிடக் குறைவாக இருந்தால் அதற்கு மேல் போகாதீர்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், சீட்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் திரும்பாத அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

லீவரில் கேபிளை இறுக்குவதற்கு முன்னால் பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இழுப்பைத் திருத்துகிற திருகு) முழுசாக உள்ளே திருகி, பிறகு ஒன்றிரண்டு சுற்று வெளியே எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு இரண்டு பக்கமும் திருத்த இடம் இருக்கும். கேபிளை விரலால் இழுத்துப் பிடிக்கிற அளவு இழுவிசை போதும், பிளேயரால் முறுக்கி இழுக்காதீர்கள். லீவரைத் தொட்டால் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெறுமனே நகர்ந்து, அதற்குப் பிறகுதான் போஸ்ட் விடுபட வேண்டும். சீட்டை மாட்டி, எழுதி வைத்த அளவுகளுக்குக் கொண்டுவந்து, சீட் போல்ட்டுகளை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். பல தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துத் திருப்தியான பிறகு கேபிள் வாலை வெட்டி மூடி போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஏதாவது தகராறு செய்தால்

சீட் மெதுவாக ஏறுகிறது என்றால் முதலில் கிளாம்பைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள், பல சமயம் அதோடு தீர்ந்துவிடும். அப்படியும் இல்லையென்றால் கேபிளைக் கொஞ்சம் இழுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் அவுட்டர் எங்கோ மடிந்திருக்கிறது. காற்று அடிக்கிற வால்வு உள்ள மாடலில் ஷாக் பம்ப் வைத்து அழுத்தத்தைப் பாருங்கள், கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள், டயர் பம்ப் அந்த அழுத்தத்துக்குப் போதாது.

நீங்கள் உட்கார்ந்தால் சீட் தானாக இறங்குகிறது, அல்லது இறக்கிவிட்ட சீட் தானாக மேலே வருகிறது என்றால் கேபிள் ரொம்ப இழுப்பாக இருந்து ஆக்சுவேட்டரை எப்போதும் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறது என்று அர்த்தம், பேரலை உள்ளே திருகுங்கள். கேபிளை முழுசாகத் தளர்த்தியும் இறங்குகிறது என்றால் கார்ட்ரிட்ஜ் போய்விட்டது. சீட் மூக்கைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் லேசாக அசையும், அது எல்லா டிராப்பரிலும் உண்டு, பயப்படாதீர்கள். பிரேமுக்குள் லொடலொடவென்று சத்தம் வந்தால் அவுட்டர் மேல் நுரை உறை கோர்த்துவிடலாம்.

மலைக்குப் போவதற்கு முன்

வீட்டுத் தெருவிலேயே பழகிக்கொள்ளுங்கள். இறக்குவதற்கு உடம்பு எடையைச் சீட்டில் போட வேண்டும், ஏற்றுவதற்கு எழுந்து நிற்க வேண்டும், அழுத்தினதும் சீட் வேகமாக மேலே வரும், உடம்பை விலக்கிக்கொள்ளாதவர்களுக்கு அது நன்றாகவே பாடம் சொல்லிக்கொடுக்கும். சரிவு தொடங்குவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள், சரிவுக்கு நடுவில் கட்டைவிரல் லீவரைத் தேடக்கூடாது. நம் வண்டிகளில் பெரும்பாலும் பின் பிரேக் இடது கையில் இருக்கும், டிராப்பர் லீவரும் அதே கை, அதனால் ஆள்காட்டி விரல் பிரேக்கில் இருக்கும்போதே கட்டைவிரல் லீவரை எட்டுகிற மாதிரி இரண்டையும் நகர்த்தி வையுங்கள். எப்போதும் முழுசாக இறக்க வேண்டும் என்பதும் இல்லை, மேடும் பள்ளமுமான இடத்தில் பாதி இறக்கி வைத்துக்கொண்டு மிதிக்கலாம், ஆனால் அப்படியே கிலோமீட்டர் கணக்கில் மிதித்தால் முழங்கால் கேள்வி கேட்கும்.

எஸ்டேட் பாதைகள் தனியார் இடம், வாட்ச்மேனிடமோ எஸ்டேட் கணக்கு பார்க்கிற ரைட்டரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், காபிப் பழம் பறிக்கிற மாதங்களில் பாதை முழுக்க ஆட்கள் இருப்பார்கள், அப்போது இறக்கத்தில் வேகம் வேண்டாம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள், காட்டெருமைக்கு டிராப்பர் பற்றித் தெரியாது.

வந்ததும் பளபளப்பான உள்குழாயைத் துணியால் துடைத்து, காலரின் ரப்பர் சீல் மேல் இருக்கிற மண்ணை எடுத்துவிடுங்கள், அவ்வப்போது ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் தடவி ஏற்றி இறக்குங்கள். செயின் ஆயில், டபிள்யூடி-40 இரண்டும் அங்கே வேண்டாம். மழைக்காலத்தில் சேறு தெறித்தே தீரும், ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் இதைச் செய்யுங்கள், பிரஷர் வாஷரை சீல் பக்கம் திருப்பாதீர்கள். சீட் இறங்கிய நிலையில் லீவரை அழுத்தாமல் சீட்டைப் பிடித்து வண்டியைத் தூக்கவோ மாட்டவோ கூடாது, நிறைய மாடல்களில் கார்ட்ரிட்ஜுக்குள் காற்று புகுந்து சீட் பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்துவிடும். டெம்போவிலோ கார் ரேக்கிலோ ஏற்றிக் கட்டும்போது கயிறு பிரேமில்தான் இருக்க வேண்டும், அந்தப் பளபளப்பான குழாயில் இல்லை. ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழியும், சீல் கிழிந்தால் மண் உள்ளே போகும். ஸ்டாண்டில் பிடிக்க வேண்டுமென்றால் சீட்டை முழுசாக ஏற்றிவிட்டு, காலருக்குக் கீழே வெளிக்குழாய் கொஞ்சம் தெரிந்தால் அங்கே பிடியுங்கள், தெரியாவிட்டால் பழைய சீட் போஸ்ட்டை மாட்டிப் பிடியுங்கள். அதனால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கார்ட்ரிட்ஜ் வரவழைத்துக் காத்திருக்கிற வாரங்களிலும் வண்டி ஓட அதுதான் வேண்டும்.